தெரியல என்று எழுதிய கண்ணாடி

எங்கள் மலையூர் ரிங்லெட்டில் அவரிடம் வண்டி விட்டவர் யாரை நிறுத்திக் கேட்டாலும், அவரைப் பற்றி முதலில் ஒரு சொல்லைத்தான் சொல்வார்கள். "தெரியல." வண்டியை அவர் பட்டறை முன்னால் நிறுத்திவிட்டு, "என்ன போர்மன், என்ன கோளாறு?" என்று கேட்போம். எங்கள் பக்கத்தில் வண்டி பழுது பார்ப்பவரை போர்மன் என்றுதான் கூப்பிடுவது. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, வெட்கமும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல், "தெரியல அண்ணே" என்பார். இப்படிச் சொல்கிற ஒருவரை நம்பி இந்த மலையில் பாதிப் பேர் வண்டியை விட்டார்கள். முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. இங்கேயும் போர்மன் என்றே இருக்கட்டும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. நான் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு சரி. முட்டைக்கோசு மூட்டை ஏற்றுகிற ஆளாக லோரியில் தொற்றியவன், இன்றைக்கு ஏழு லோரிக்கு முதலாளி, எங்கள் ஊர்ப் பேச்சில் தவுக்கே. கோலா தெர்லாவிலும் திரிங்காப்பிலும் விளைகிற காய் என் வண்டியில் ஏறாமல் கீழே இறங்காது என்று எங்கள் டீக்கடையான மாமாக் கடையில் சொல்வார்கள். நானே சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்வதைச் சொல்கிறேன். ரிங்லெட்டில் ஏரியைப் பார்த்தாற்போல் கல் வீடு கட்டியிருக்கிறேன். இதெல்லாம் எப்படி வந்தது என்றால், தெரியாததையும் தெரியும் என்று சொல்லித்தான் வந்தது. கியர் போடவே தெரியாத நாளில் டிரைவர் வேலை கேட்டு வாங்கியவன் நான். போய் உட்கார்ந்த பிறகு கற்றுக்கொண்டேன். தெரியாது என்று வாய் தவறிச் சொன்னால் மறுபடியும் லைன் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குள் ஒரு பயம் எப்போதும் இருந்தது. அதனால் அந்த மனிதரை முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அப்போது எனக்கு ஒரே ஒரு லோரி. திரிங்காப்பில் பாரம் ஏற்றிக்கொண்டு இறங்குகிறேன், வண்டி இழுக்கவில்லை, இருமுகிறது. ரிங்லெட் வரை எப்படியோ கொண்டுவந்து அவரிடம் விட்டேன்.

"என்ன கோளாறு?"

"தெரியல."

"எப்ப முடியும்?"

"அதுவும் தெரியல."

"வேற என்னதான் தெரியும்?"

"உங்க வண்டி நீல கலரு. அது தெரியுது."

சிரிக்காமல் சொன்னார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வேறொரு போர்மனிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்குமுன்பே, "பம்பு போச்சு" என்றார். ஆம்பிளை என்றால் இப்படிப் பேச வேண்டும் என்று நினைத்தேன். பம்பு மாற்றினோம். வண்டி அப்படியே இருமியது. ஒரு வாரம் கழித்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பழையபடி இவரிடமே வந்தேன். வண்டியைத் தொடவில்லை அவர். என்னைத்தான் கேட்டார்: எங்கே டீசல் ஊற்றுகிறீர்கள், டிரம் எங்கே நிற்கிறது, டிரம்முக்கு மேலே என்ன இருக்கிறது. டிரம் தோட்டத்துக் கொட்டகையில் நின்றது. மேலே இருந்த தகரத்தில் ஓட்டை. மலை மழை சொட்டுச் சொட்டாக டிரம்முக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் லோரி தண்ணீர் குடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அன்றைக்கு அவர் வண்டியில் கழற்றிய ஆணி ஒன்றுகூட இல்லை. தகரத்தைத்தான் மாற்றச் சொன்னார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி வந்ததும் துணி துவைக்கிற சவர்க்காரத்தில் ஒரு துண்டை எடுத்து, முன் கண்ணாடியின் உட்பக்கம், இடது ஓரத்தில், கீழே, 'தெரியல' என்று எழுதுவார். கோணல் எழுத்து, ஆனால் நான்கு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். கோளாறு இன்னதென்று கண்டுபிடித்த பிறகுதான் அதைக் கழுவுவார். கண்டுபிடிக்குமுன் அவசரம் என்று யாராவது வண்டியை எடுத்துப் போனால், எழுத்தோடுதான் போக வேண்டும். ரிங்லெட் கடைத்தெருவில் கண்ணாடியில் 'தெரியல' என்று போட்ட ஒரு வண்டி போனால் ஆட்கள் சிரிப்பார்கள். "பாரு, போர்மனோட பரீட்சையில இன்னும் பாஸாவாத வண்டி."

அவர் கையால் கழுவிய கண்ணாடிக்கு ஒரு மரியாதை இருந்தது. கழுவிவிட்டாரா, அந்த வண்டியை நம்பிக் குடும்பத்தை ஏற்றலாம்.

ஒருமுறை தோட்டத்துப் பெரிய துரையின் ஜீப்பு வந்தது. நான் அப்போது அங்கே ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தேன். துரையே இறங்கி வந்து, "நாளைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார். கூட இருந்த தோட்டத்து ஆபீஸ் கிராணி, "கிடைக்கும்னு சொல்லித் தொலைங்களேன்" என்று பல்லைக் கடித்தார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியல சார்" என்றார். ஜீப்பு திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் தோட்டத்து வண்டி ஒன்றுகூட அவர் பட்டறைக்கு வரவில்லை. நான் திட்டினேன். "ஒரு வார்த்தை போர்மன். ஒரே ஒரு வார்த்தை. 'ஆவும் சார்'னு சொன்னா வாயா வலிக்கும்?"

"ஆவுமான்னு தெரியலியே அண்ணே."

அவர் மனைவி, வேதக்கார வீட்டுப் பெண், வாய் கொஞ்சம் துடுக்கு. கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்வார்: "இவருகிட்டப் போயிக் கேக்கறீங்களே. சர்ச்சுல ஃபாதர் 'இந்தப் பொண்ண ஏத்துக்க சம்மதமா'ன்னு கேட்டாரு. இவரு யோசிக்கிறாரு. எங்கப்பா வேர்த்துப் போயி நிக்கிறாரு. ஃபாதர் ரெண்டாந்தடவ கேட்டாரு லா."

"சம்மதம்னு சொன்னேன்ல?" என்பார் அவர்.

"மூணாந்தடவ."

சிரித்துப் பேசுகிற இந்த மனிதரோடு நான் ஒரு வருஷத்துக்கு மேல் பேசாமல் இருந்ததும் உண்டு. என் மனைவி படுத்த படுக்கையாக ஆன சமயம் அது. வருகிறவர்கள் எல்லாரும், "சரியாயிடும், சாமி இருக்கு" என்றார்கள். எனக்கும் அது வேண்டியிருந்தது. ஒரு நாள் இவர் வந்து வாசலில் நின்றபோது நான் கேட்டேன்: "போர்மன், பொழச்சுக்குவாளா?" அவர் என் முகத்தைப் பார்த்தார். "தெரியல அண்ணே" என்றார்.

வாசலைக் காட்டி வெளியே போகச் சொன்னேன். போனார். மறுநாள் காலை அவருடைய பழைய வேன் எங்கள் வீட்டு முன்னால் நின்றது, பின் இருக்கையைக் கழற்றி மெத்தை போட்டு. கீழே ஈப்போ டவுன் ஆஸ்பத்திரிக்கு அவளை ஏற்றிக்கொண்டு போனார். அவள் இருந்தவரை வாரம் தவறாமல் போனார். நான் முன் இருக்கையில் அவரோடு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து போவேன். அவரும் பேச மாட்டார். வளைவு வரும்போதெல்லாம், தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் போகிற மாதிரி வண்டியைத் திருப்புவார். அவள் போய்ச் சேர்ந்த பிறகு ஒன்றை யோசித்துப் பார்த்தேன். சரியாயிடும் என்று சொன்னவர்களில் ஒருவரும் இரண்டாவது தடவை வரவில்லை.

இனி காரைப் பற்றிச் சொல்கிறேன். சொல்ல வேண்டியதே அதுதான்.

என் ஒரே மகள் மலையடிவாரத்துத் தாப்பாவில் டீச்சர். மருமகன் சிங்கப்பூரில் வேலை. அவள் அம்மா போன பிறகு, அப்பா தனியாக இருப்பார் என்று, தாப்பாவில் தங்காமல் தினம் மலை ஏறி இறங்கினாள். அந்த ரோட்டில் வளைவு எத்தனை என்று ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். அவளுடைய பழைய கார் ஏறத் திணறியது. நான் யார், ஏழு லோரிக்காரன், என் மகள் திணறிக்கொண்டு ஏறுவதா? டர்போ வைத்த கார் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சின்ன எஞ்சின்தான், ஆனால் மிதித்தால் பாய்கிறது. மாமாக் கடை முன்னால் நிறுத்தி, ஆளாளுக்குப் பானெட்டைத் திறந்து காட்டினேன். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை.

மழைக்காலம் வந்தது. காலையில் புல்லெல்லாம் விறைத்துக் கிடக்கிற குளிர். அப்போது பிடித்தது கோளாறு. திரும்பி மலை ஏறும்போது கார் சோர்ந்துபோகிறது, மிதித்தால் போகவில்லை, எஞ்சின் விளக்கு எரிகிறது என்று மகள் சொன்னாள். நான் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. "நீ மிதிக்கிறதுல இருக்கும்மா" என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

ஒரு புதன்கிழமை மாலை என்னுடைய டிரைவர் ஒருவர் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். காலிக் கூடைகளோடு ஏறிக்கொண்டிருந்த அவருடைய லோரியைத் தாண்ட என் மகள் காரை வெளியே எடுத்திருக்கிறாள். பாதி தாண்டும்போது கார் பலம் இழந்துவிட்டது. எதிரே பஸ்.

"நான் பிரேக்க மிதிச்சு வழி விட்டேன் தவுக்கே. நான் மட்டும் பாக்காம இருந்திருந்தா…"

மகள் அன்றைக்குக் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா, தாப்பாவுல ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். வர்ற ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு பதில் சொல்லணும். கார் சரியாவலன்னா நான் போயிடுறேன்ப்பா. நீங்களும் வாங்க."

நான் போக மாட்டேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏரியைப் பார்த்த கல் வீட்டில் நான் ஒருவனாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை போர்மனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஈப்போ போனேன். அங்கே ஒருவர் கம்ப்யூட்டரைக் காரில் சொருகி, எஞ்சினுக்குள் இருக்கிற சாப்ட்வேரையே மாற்றி எழுதுகிறார் என்று மாமாக் கடையில் சொல்லியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும், மரியாதையான ஆள். ஒயரைச் சொருகி, காரில் பதிவாகியிருந்த பழைய கணக்கைத் திரையில் பார்த்து, எங்களுக்கு விளங்குகிற மாதிரியே சொன்னார்.

"அங்கிள், எஞ்சினுக்குள்ள போற காத்து ரொம்ப சூடாவுது. சூடானா, எஞ்சின காப்பாத்தணும்னு கம்ப்யூட்டரு டர்போவ அடக்கிருது. அதான் உங்களுக்கு பவர் போவுது. கம்பெனிக்காரன் ரொம்பப் பயந்து செட் பண்ணி வச்சிருக்கான் லா. நான் சாப்ட்வேர மாத்தி அந்த லிமிட்ட ஏத்தி விட்டுர்றேன். அடங்கவே அடங்காது. ரெண்டு மணி நேர வேல."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கேட்டதற்கு உடனே பதில், இரண்டு மணி நேரம் என்று நேரமும் சொல்லியாகிவிட்டது. "போடுங்க" என்றேன்.

போர்மன் அதுவரை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், எனக்கு இந்த சாப்ட்வேரப் பத்தி ஒன்னும் தெரியாது" என்று ஆரம்பித்தார். "ஒன்னு கேட்டுக்கிறேன். காத்து ஏன் சூடாவுது?"

"மலை, டர்போ, வெயிட்டு… எல்லாம் சேர்ந்துதான் அங்கிள்."

"மலை ஆறு மாசமா அங்கதான இருக்கு?"

அவர் திரையை மறுபடி பார்த்தார். நல்ல மனிதர், மழுப்பவில்லை. "அது நான் பாக்கல அங்கிள். எதுவா இருந்தாலும் லிமிட்ட ஏத்திட்டா பவர் வந்துரும்."

போர்மன் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். "அண்ணே, வேணாம். காவக்காரன் கத்துறான். வாயக் கட்டிட்டா சத்தம் நிக்கும். திருடன் உள்ளதான் இருப்பான்."

"அப்ப திருடன் யாருன்னு நீங்க சொல்லுங்க."

"தெரியல."

ரோடு என்றும் பார்க்காமல் நான் கத்திவிட்டேன். "எம்பொண்ணு போகப் போறா போர்மன். வீட்ட காலி பண்ணிட்டுப் போகப் போறா. அவரு தெரியும்ங்கிறாரு, நீங்க தெரியலங்கிறீங்க. நான் யார் பேச்சக் கேக்கறது?"

அவர் என்னை விட்டு நகராமல் நின்றார். வேனில் மெத்தை போட்டுக்கொண்டு வந்து நின்ற அன்றைக்கும் அவர் இதே மாதிரிதான் நின்றார். "புதன்கிழம வரைக்கும் குடுங்க" என்றார். "அதுக்குள்ள தெரியலன்னா நானே ஒங்கள இங்க கூட்டியாறேன்."

திரும்பி வரும்போது கார் மலையில் குதிரை மாதிரி ஏறியது. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது. வீட்டில் என் மகளை உட்கார வைத்து விசாரித்தார்.

"டீச்சர், எந்தெந்த நாள்ல சோர்ந்து போவுது?"

"ஸ்கூல் நாள்ல எல்லாம் அங்கிள். இப்ப ஒரு மாசமாவே."

"லீவு நாள்ல?"

அவள் யோசித்தாள். "இல்ல. லீவுல தாப்பாவுக்குப் போயிட்டு வந்தேனே… நல்லாத்தான் ஏறுச்சு."

போர்மன் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, காருக்கு ஸ்கூல் லீவு தெரியுமா?"

சட்டைப் பையிலிருந்து சவர்க்காரத் துண்டை எடுத்து, காருக்குள் ஏறி, கண்ணாடியின் இடது ஓரத்தில் எழுதிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை, விடியுமுன் வந்தார். பனி மூடிக் கிடக்கிறது. ஒரு அளவு பெரிய குளிர்ச் சட்டை, கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய சூடான கோப்பி. மகள் உள்ளே புறப்பட்டுக்கொண்டிருந்தாள். நான் கார் முன்னால் நின்றேன்.

"என்ன போர்மன், இந்நேரத்துல?"

"வண்டி கெளம்பறதப் பாக்கலாம்னு." கோப்பியை உறிஞ்சினார். "கையில என்ன அண்ணே?"

"சாக்கு."

"எதுக்கு?"

"குளிருக்கு. வேற எதுக்கு?"

பழைய லோரிக்காரன் எவனுக்கும் இது விளங்கும். இந்த மலையில் விடியற்காலையில் எஞ்சின் சூடேற மறுக்கும். அதனால் முன்னால் ரேடியேட்டரை மறைத்து ஒரு கோணிச் சாக்கைக் கட்டுவோம். கீழே இறங்கி வெயில் கண்டதும் உருவிவிடுவோம். முப்பது வருஷம் அப்படி ஓட்டினேன், என் எஞ்சின் ஒன்றுகூடக் குளிரில் கெட்டதில்லை. மழைக்காலம் தொடங்கியதும், என் மகள் குளிர்ந்த எஞ்சினோடு இறங்க வேண்டாம் என்று, பள்ளிக்கூட நாளெல்லாம் அவளுக்குமுன் எழுந்து, சாக்கை நாலாக மடித்து, பம்பருக்கு அடியில் கை விட்டு, முன் கம்பி வலைக்குப் பின்னால் சொருகிவிடுவேன். மாலையில் அவள் வந்து உள்ளே போனதும் உருவி, அலசி, கொடியில் போடுவேன். சூடு காட்டுகிற முள் ஏறவே இல்லை, அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இது யாரிடமும் சொல்கிற விஷயமா? செருப்பு மாட்டுவதை யாராவது சொல்வார்களா?

நான் பெருமையாகவே குனிந்து சொருகிக் காட்டினேன். "எப்புடி? வெளிய தெரியுதா பாருங்க."

அவர் கோப்பிப் பையை வேலிக் கம்பியில் மாட்டினார். பனி ஈரத்தில் முழங்காலைப் போட்டுக் குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"அண்ணே, ரேடியேட்டரு மேல இருக்கு. நீங்க மறைச்சது அத இல்ல. அதான் முள்ளு ஏறல. கீழ இருக்கிறது வேற. டர்போ காத்த அமுக்குதுல்ல, அமுக்கின காத்து கொதிக்கும். அத ஆத்தி எஞ்சினுக்கு அனுப்புறதுக்கு ஒன்னு வச்சிருக்கான். இது அது. இதுக்கு மூச்சே வெளிக்காத்துதான். நீங்க மூக்கப் பொத்தி அனுப்புறீங்க. எறங்கும்போது ஒன்னும் தெரியாது. ஏறும்போது கொதிக்குது."

"அன்னிக்கு லிமிட்ட ஏத்தி விட்டிருந்தா?"

"அடக்கினதாலதான் எஞ்சின் இன்னும் இருக்கு. ஏத்தியிருந்தா, அது முழு பலத்தோட ஓடி எங்கயாவது வெடிச்சு நின்னுருக்கும். எந்த வளைவுலன்னு…"

அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தாலும் அந்தச் சொல்தான் வந்திருக்கும்.

உள்ளே மகளின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் சாக்கைச் சட்டென்று உருவி, மடித்து, தன் குளிர்ச் சட்டைக்குள் சொருகிக்கொண்டார். அவள் கதவைத் திறந்து வந்து, "அங்கிள், நீங்களா? என்ன, தெரிஞ்சிருச்சா?" என்றாள்.

நான் அவரைப் பார்த்தேன். என்ன பார்வை பார்த்தேனோ எனக்குத் தெரியாது. 'நீ மிதிக்கிறதுல இருக்கும்மா' என்று அவளிடம் சொன்னவன் நான். பஸ்ஸுக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியதும் நான்தான் என்று அந்த நிமிஷத்தில் எனக்கு விளங்கியிருந்தது.

போர்மன் கோப்பிப் பையைக் கம்பியிலிருந்து எடுத்தார். "தெரியல டீச்சர்" என்றார். "இன்னிக்கு ஓட்டிப் பாருங்க."

எனக்குத் தெரிந்து, தெரிந்த ஒன்றைத் தெரியல என்று அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்குக் கார் சோராமல் ஏறியது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, எல்லா நாளும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மகள் தாப்பா வீட்டுக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு ஒரு நாள் பட்டறைக்குப் போய், "கண்ணாடியக் கழுவலியா?" என்று கேட்டேன்.

"கழுவினா கண்டுபிடிச்சாச்சுன்னு அர்த்தம். என்னன்னு டீச்சர் கேப்பாங்க. கேட்டா சொல்லணும்." ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டார். "நீங்க சொல்லுங்க, அப்பறம் கழுவறேன்."

நான் சொல்லவில்லை. மாமாக் கடையில் கேலி செய்தார்கள். "தெரியலக்காரரு டீச்சர் கார்ல கடைசி வரைக்கும் தோத்துட்டாரு லா. தானா சரியாயிடுச்சாம்." நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கோப்பியைக் குடித்தேன். மகள் காய்ந்த துணியால் அந்த எழுத்தைத் துடைத்துவிட்டிருந்தாள். பகலில் ஒன்றும் தெரியாது. ஆனால் சவர்க்காரம் அப்படிப் போய்விடாது. கண்ணாடியில் பனி பிடிக்கிற நேரமெல்லாம், எழுதிய இடத்தில் மட்டும் பிடிக்காமல், நான்கு எழுத்தும் மறுபடி வந்து நிற்கும்.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். தூக்கத்திலேயே. சர்ச்சில் பூசை முடிந்து, அடக்கம் முடிந்து, பட்டறைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் கூடியிருந்தோம். எல்லாரும் அவருடைய 'தெரியல' கதைகளைச் சொன்னார்கள். அழுகைக்கு நடுவில் சிரிப்பு. பட்டறைச் சுவரில், ஸ்பேனர்களுக்கு நடுவே ஓர் ஆணியில், நாலாக மடித்த கோணிச் சாக்கு ஒன்று தொங்கியது. நான் அதையே பார்ப்பதை அவர் மனைவி கவனித்தார்.

"அது என்னமோ அண்ணே. அத மட்டும் யாரையும் தொட விடமாட்டாரு. எதுக்குய்யா இதுன்னு கேட்டா, தெரியலம்பாரு."

தன் மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை.

"நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். தலையாட்டினார்.

மகள்தான் ஓட்டினாள். சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே மழை, உள்ளே எங்கள் மூச்சு. கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது. என் முன்னால், இடது ஓரத்தில், அந்த எழுத்து மெல்லத் தெளிந்தது.

மகள் அதைப் பார்த்துவிட்டாள். "நல்ல மனுஷன்ப்பா" என்றாள். "என் கார்ல மட்டும் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியாமப் போச்சு, பாவம்." கொஞ்ச தூரம் போனபின் மறுபடி கேட்டாள். "அது என்ன சாக்கு? எதுக்கு அத வாங்கிட்டு வந்தீங்க?"

எழுபத்திரண்டு வயதில், ஏழு லோரி, கல் வீடு, எல்லாம் வைத்துக்கொண்டு, மடியில் சாக்கை விரித்தேன். சொன்னேன். பம்பருக்கு அடியில் கை விட்டது, கொடியில் காயப் போட்டது, பஸ், ஈப்போ, அந்தத் திங்கட்கிழமை, எல்லாம். "அவருக்குத் தெரியும்மா" என்றேன். "எனக்காகத் தெரியலன்னாரு."

அவள் காரை ஏரி ஓரமாக நிறுத்தினாள். வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். தாப்பா வீட்டைப் பற்றிப் பேசுவாளோ என்றும் பயந்தேன். அவள் வைப்பரை நிறுத்தினாள். பிறகு கதவின் பையிலிருந்து துணியை எடுத்து, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நனைத்து, பிழிந்து, என்னிடம் நீட்டினாள்.

"கழுவுங்கப்பா. தெரிஞ்சிருச்சுல்ல."

ஆறாம் வகுப்புக்காரன் நான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரியே, ஒவ்வோர் எழுத்தாகக் கழுவினேன்.